ஆலை நீராவியில் ஹைட்ரஜன் வருமா? கிளர்வு ஆற்றலை அளக்கும் விதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோரைச் சுற்றி ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தோட்டத்து எண்ணெய் ஆலைகளில் செம்பனைக் குலைகளை அவிக்கும் நீராவி ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில், 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். அப்படி ஓர் ஆலையில் பாய்லர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். நான் ஆறாம் படிவ மாணவர்களுக்கு வேதியியல் டியூசன் எடுப்பவன் என்பதால், அறிவியல் செய்தி எது கண்ணில் பட்டாலும் என்னிடம்தான் வந்து நிற்பார். அண்மையில் அவர் கேட்டது இது: "சார், ஹைட்ரஜனை உலோகத் தூளுக்குள்ள அடைச்சு வெச்சு, சூடு காட்டினா வெளிய வருமாமே? அதுக்கு வேண்டிய சூட்டைக்கூடப் பாதியாக் குறைச்சிட்டாங்களாம். அப்போ நம்ம ஆலை ஸ்டீமே பத்தும்தானே?"

நல்ல கேள்வி. அவர் படித்த செய்தியில் குறைந்ததாகச் சொல்லப்பட்டது சூடு அல்ல, கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய தடையின் உயரம். இரண்டும் ஒன்று என்று எண்ணிக்கொள்வது அவர் மட்டும் அல்ல. பல்கலைக்கழகச் செய்திக்குறிப்பு எழுதுகிறவர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்தால் பாய்லர்மேனின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

உலோகம் ஹைட்ரஜனை உள்ளிழுக்கும் என்பது புதுச் செய்தி இல்லை. 1866-இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரகாம், பல்லேடியம் தன் கன அளவைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை விழுங்குவதைக் கண்டார். நூறாண்டு கழித்து, 1960-களின் இறுதியில், நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் லாந்தனம்-நிக்கல் கலவை அறை வெப்பநிலையிலேயே ஹைட்ரஜனை வாங்கி விடுவதைப் பார்த்தார்கள். பிறகு வந்த நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் அந்த வழியில் பிறந்தவை; 1997-இல் வந்த முதல் டொயோட்டா பிரியஸ் காரில் இருந்ததும் அந்த வகைதான். லாந்தனம் நமக்குத் தூரத்துப் பொருளும் இல்லை, குவாந்தான் பக்கம் கெபெங்கில் லைனாஸ் ஆலை பிரித்தெடுக்கும் அருமண் தனிமங்களில் அதுவும் உண்டு.

லாந்தனம்-நிக்கலின் குறை எடை. தன் எடையில் சுமார் 1.4 விழுக்காடு ஹைட்ரஜன்தான் அதில் நிற்கும். மக்னீசியமோ 7.6 விழுக்காடு பிடிக்கும், விலையும் மலிவு. ஹைட்ரஜனைப் பிடித்துவைத்த மக்னீசியத்தை, அதாவது மக்னீசிய ஹைட்ரைடை, ஆய்வாளர்கள் சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம் இதுதான். திரங்கானுவில் உள்ள மலேசியப் பல்கலைக்கழகத்திலிருந்தும் இதைப் பற்றி, குறிப்பாக இதில் சேர்க்கும் வினையூக்கிகள் பற்றி, ஆய்வுக்கட்டுரைகள் தொடர்ந்து வருகின்றன. மக்னீசியத்தின் தொல்லை என்னவென்றால், வாங்கிய ஹைட்ரஜனை எளிதில் விடாது.

விடாததற்குக் காரணம் இரண்டு. அவற்றைத் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, பிணைப்பின் வலிமை. ஒரு மோல் ஹைட்ரஜன் வாயுவை மக்னீசியத்திலிருந்து பிரிக்கச் சுமார் 75 கிலோஜூல் வெப்பம் உள்ளே போக வேண்டும். இது பொருளின் கணக்கு. தூளை எவ்வளவு அரைத்தாலும், எந்த வினையூக்கியைத் தூவினாலும் பெரிதாக மாறாது. இரண்டாவது, போகிற வழியில் இருக்கும் தடை. ஹைட்ரஜன் அணுக்கள் திண்மத்துக்குள் நகர்ந்து, மேற்பரப்புக்கு வந்து, இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகுதான் வாயுவாகப் பிரிய முடியும். இதில் எந்தப் படி மிகவும் மெதுவோ அது மொத்த வேகத்தையும் பிடித்து வைக்கும். அந்தத் தடையின் உயரம்தான் கிளர்வு ஆற்றல்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலையில் உள்ள தானா ராத்தாவுக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழைய பாதை வழியில் ஒரு மலை முகட்டின் மேலே ஏறி, பிறகு ஊருக்குள் இறங்குவதாக இருந்தால், சுரங்கப்பாதை போட்டு அந்த முகட்டைத் தவிர்க்கலாம். பயணம் விரைவாகும். ஆனால் ஊர் இருக்கும் உயரத்தைச் சுரங்கப்பாதை குறைக்காது. அந்த 1,400 மீட்டரையும் ஏறியே தீர வேண்டும். வினையூக்கி போடுவது சுரங்கம். 75 கிலோஜூல் ஊரின் உயரம்.

இதிலிருந்து ஒரு சந்தேகமும் உடனே எழ வேண்டும். முகடு எப்படி ஊரைவிடத் தாழ்வாக இருக்கும்? மக்னீசிய ஹைட்ரைடுக்கு 75-ஐ விட நன்றாகக் குறைந்த கிளர்வு ஆற்றல் என்று ஒரு கட்டுரை சொன்னால், அதை அப்படியே விழுங்காமல் நிறுத்திக் கேட்க வேண்டும். பல படிகள் சேர்ந்த வினையில் அப்படி ஓர் எண் வரவே கூடாது என்று சட்டம் இல்லை. ஆனாலும் எனக்கு முதலில் கண் போவது அளந்த விதத்தின் மேல்தான்.

சரி, அளப்பது எப்படி?

அடிப்படை 1889-இல் சுவாந்தே அரீனியஸ் தந்த சமன்பாடு. ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதும் மாணவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள்: வெப்பநிலை கூடக் கூட வினையின் வேகம் அடுக்குக்குறியாக ஏறும், எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ அவ்வளவு பெரிது கிளர்வு ஆற்றல். ஆக, ஒரே வினையை வெவ்வேறு வெப்பநிலையில் ஓடவிட்டு வேகத்தை அளந்தால் போதும். மாறா வெப்பநிலை முறை என்பது இதுதான். மூடிய கலத்தில் தூளை வைத்து, வெப்பநிலையை ஓரிடத்தில் நிறுத்தி, வெளிவரும் ஹைட்ரஜனால் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று பார்ப்பார்கள். சீவர்ட்ஸ் கருவி என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் புதுத் தூள், புது ஓட்டம். நாள் கணக்கில் இழுக்கும் வேலை.

பெரும்பாலானவர்கள் கையாளுவது குறுக்கு வழி. 1957-இல் அமெரிக்கத் தேசியத் தரநிலைக் கழகத்தில் இருந்த ஹோமர் கிஸ்ஸிஞ்சர் வெளியிட்ட முறை. அவர் ஆராய்ந்தது ஹைட்ரைடு அல்ல. கயோலின் போன்ற களிமண் கனிமங்கள் சூட்டில் நீரை இழப்பதை. பீடோர், தாப்பா பக்கத்து மண்ணில் தோண்டி எடுக்கிறார்களே, அதே வெள்ளைக் களிமண்தான். களிமண்ணுக்குப் பிறந்த கணக்கு இன்று ரப்பர் கெட்டியாவதிலிருந்து ஹைட்ரஜன் வெளிவருவது வரை எல்லாவற்றுக்கும் ஓடுகிறது.

செய்முறை இப்படி. ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் சில மில்லிகிராம் தூளைச் சிறு கிண்ணத்தில் போட வேண்டும். வெளிக்காற்றில் திறந்தால் மக்னீசியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஏறிவிடும், அதுவே ஹைட்ரஜனுக்கு இன்னொரு கதவடைப்பு. கிண்ணத்தை, தூள் உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் டி.எஸ்.சி. கருவியில் வைத்து, ஆர்கான் ஓட்டத்தில், சீரான வேகத்தில் சூடேற்றுவார்கள். தூள் வெப்பத்தை உறிஞ்சி ஹைட்ரஜனை விடும்போது வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். அதன் அடி, அதாவது வினை மிக வேகமாக நடக்கும் இடத்தின் வெப்பநிலை, உச்ச வெப்பநிலை என்று குறித்துக்கொள்ளப்படும். இதையே வேகமாகச் சூடேற்றினால் அந்த இடம் உயர்ந்த வெப்பநிலைக்குத் தள்ளிப்போகும், ஏனென்றால் வினைக்கு நேரம் கிடைப்பதில்லை. எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதில்தான் கிளர்வு ஆற்றல் ஒளிந்திருக்கிறது.

கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்டவை, ஆனால் மக்னீசிய ஹைட்ரைடுக்குப் பொருந்தக்கூடியவை. நிமிடத்துக்கு 5 கெல்வின் வேகத்தில் உச்ச வெப்பநிலை 620 கெல்வின், 10 வேகத்தில் 635, 20 வேகத்தில் 650 என்று இருக்கட்டும். சூடேற்றும் வேகத்தை உச்ச வெப்பநிலையின் வர்க்கத்தால் வகுத்து, இயல் மடக்கை எடுங்கள்: முதலாவதுக்கு −11.25, இரண்டாவதுக்கு −10.60, மூன்றாவதுக்கு −9.96. இவற்றை, ஒன்றை உச்ச வெப்பநிலையால் வகுத்தால் வரும் 0.001613, 0.001575, 0.001538 ஆகியவற்றுக்கு எதிரே வரைந்தால் ஒரு நேர்கோடு. சாய்வு ஏறக்குறைய −17,350. குறியை மாற்றி வாயு மாறிலி 8.314-ஆல் பெருக்கினால், மோலுக்கு 144 கிலோஜூல். அவ்வளவுதான். கால்குலேட்டர் இருந்தால் ஆறாம் படிவ மாணவன் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவான்.

இனிதான் வில்லங்கம். மூன்றாவது ஓட்டத்தில் உச்சம் 650-இல் அல்ல, 647-இல் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்றே டிகிரி. முதல் புள்ளியையும் மூன்றாவதையும் மட்டும் கொண்டு மறுபடி கணக்குப் போட்டால் விடை 144-லிருந்து 161-க்குத் தாவுகிறது! மூன்று டிகிரி என்பது பெரிய விஷயமா என்றால், வேகமாகச் சூடேற்றும்போது கருவி காட்டும் வெப்பநிலைக்கும் தூளின் உள் வெப்பநிலைக்கும் இடையே அவ்வளவு இடைவெளி விழுவது வெகு சாதாரணம். தூள் கொஞ்சம் அதிகமானால், கிண்ணத்தின் அடி சரியாகப் படியாவிட்டால், ஆர்கான் ஓட்டம் மாறினால், எல்லாவற்றுக்கும் டிகிரிக் கணக்கில் விலை உண்டு. அதனால்தான் 156.6 டிகிரியில் உருகும் இண்டியத்தையும் 419.5 டிகிரியில் உருகும் துத்தநாகத்தையும் வைத்து, ஒவ்வொரு சூடேற்றும் வேகத்திலும் கருவியைச் சரிபார்க்கச் சொல்வார்கள். ஒரு வேகத்தில் மட்டும் சரிபார்த்துவிட்டு மற்றவற்றுக்கும் அதுவே போதும் என்று விடுகிறவர்கள் இல்லாமல் இல்லை.

புள்ளிகள் கோட்டில் அழகாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறவும் கூடாது. மூன்று புள்ளிகளும் ஒரே பக்கமாகப் பிசகியிருந்தால் கோடு நேராகத்தான் இருக்கும், சாய்வு மட்டும் தவறாக இருக்கும். 0.99 பொருத்தம் என்று போட்டுப் பெருமைப்படும் வரைபடங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். மூன்று புள்ளிக்கு அது என்ன பெரிய சாதனை?

இன்னொரு வழுக்கல், கிஸ்ஸிஞ்சர் முறை வினையை ஒரே படியாகப் பார்க்கிறது. நம் ஊரிலிருந்து போய் முதுகலை ஆய்வு செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் தன் வரைபடத்தைப் புலனத்தில் அனுப்பி, "சார், இதுல எந்தப் பள்ளத்தை எடுக்கறது?" என்று கேட்டான். மெதுவாகச் சூடேற்றியபோது தெளிவாக இரண்டு பள்ளங்கள். வேகம் கூடியதும் இரண்டும் சேர்ந்து ஒரே பள்ளம் ஆகியிருந்தது. இரண்டு வினைகள், அல்லது நன்றாக அரைபட்ட துகளும் அரைபடாத துகளும் தனித்தனியாக ஹைட்ரஜனை விடுகின்றன. சேர்ந்து போன பள்ளத்தின் அடியை எடுத்துச் சமன்பாட்டில் போட்டால் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும், ஆனால் அது எந்த வினைக்கும் சொந்தமில்லை. "எதையும் எடுக்காதே, முதல்ல பிரிச்சுப் பாரு" என்றேன். வாயுவை நிறை நிறமாலைமானியில் விட்டு ஹைட்ரஜனை மட்டும் தனியாகத் தொடரலாம், அல்லது வினை எத்தனை விழுக்காடு முடிந்திருக்கிறது என்பதை வைத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகக் கிளர்வு ஆற்றல் கணக்கிடலாம். 20 விழுக்காட்டில் ஓர் எண், 80 விழுக்காட்டில் வேறோர் எண் என்று வந்தால் உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட விவகாரம் நடக்கிறது என்று பொருள்.

அழுத்தத்தையும் மறக்கக் கூடாது. ஆர்கான் ஓட்டத்தில் அளந்தால், வெளிவரும் ஹைட்ரஜன் உடனுக்குடன் அடித்துச் செல்லப்படும். மூடிய கலத்தில் அது தங்கி, திரும்ப உள்ளே போகப் பார்க்கும். சமநிலை அழுத்தத்துக்கு அருகே போகப் போக வினை மந்தமாகும். வெப்பநிலை ஏறும்போது சமநிலை அழுத்தமும் ஏறுவதால், கலத்தின் அழுத்தத்தை ஒரே அளவில் வைத்து வெவ்வேறு வெப்பநிலையில் அளந்தால் வேகம் கூடியதில் ஒரு பங்கு இந்த இழுபறி தளர்ந்ததால் வந்தது, கிளர்வு ஆற்றலால் அல்ல. கலத்தின் அழுத்தத்துக்கும் சமநிலை அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்தை எல்லா ஓட்டங்களிலும் ஒன்றாக வைத்தால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும். சீவர்ட்ஸ் கருவியில் வந்த எண்ணையும் டி.எஸ்.சி.யில் வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "குறைந்துவிட்டது" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லாதது இதனால்தான்.

ஆக, அடர்த்தி, உருகுநிலை போலக் கிளர்வு ஆற்றலைப் பொருளின் மேல் எழுதி வைத்த எண்ணாகப் பார்க்க முடியாது. அரைக்காத மக்னீசிய ஹைட்ரைடுக்கு 150, 160 கிலோஜூல் என்று வரும். எஃகுக் குண்டுகள் உருளும் அரவையில் பல மணி நேரம் அரைத்தால் துகள் சிறுத்து, மேற்பரப்பு கூடி, எண் இறங்கும். நயோபியம், டைட்டானியம் ஆக்சைடுகளைச் சேர்த்தால் இன்னும் இறங்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் இறங்கியது எந்த எண்ணிலிருந்து? அரைக்காத தூளிலிருந்தா, அதே நேரம் அரைத்து வினையூக்கி மட்டும் சேர்க்காத தூளிலிருந்தா? முதலாவதோடு ஒப்பிட்டால் அரவையின் புண்ணியம் எல்லாம் வினையூக்கியின் கணக்கில் ஏறிவிடும்.

கிளர்வு ஆற்றலுக்கு ஒரு கூட்டாளி உண்டு, அதைச் செய்திகள் கண்டுகொள்வதே இல்லை: அரீனியஸ் சமன்பாட்டின் முன்காரணி. தடையைத் தாண்ட எத்தனை முறை முயற்சி நடக்கிறது என்பதன் அளவு என்று சொல்லலாம். முன்காரணி மாறாமல் கிளர்வு ஆற்றல் 144-லிருந்து 100-க்கு இறங்கினால், 600 கெல்வினில் வேகம் 6,000 மடங்குக்கும் மேலே போக வேண்டும். நடைமுறையில் அப்படிப் போவதில்லை. ஒன்று இறங்கினால் மற்றதும் சேர்ந்தே இறங்கி, லாபத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடுவது இத்துறையில் அடிக்கடி பார்ப்பதுதான். சோடியமும் அலுமினியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த சோடியம் அலனேட்டில் இதன் மறுபக்கம் தெரிந்தது. 1997-இல் ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வு நிறுவனத்தில் போக்டனோவிச்சும் ஷ்விக்கார்டியும் அதில் சிறிது டைட்டானியம் சேர்த்தால் விட்ட ஹைட்ரஜனைத் திரும்ப வாங்கும் என்று காட்டினார்கள். பிறகு அளந்து பார்த்ததில், முதல் படியின் கிளர்வு ஆற்றல் சுமார் 118 கிலோஜூலிலிருந்து 80-க்கு வந்தது. டைட்டானியத்தை மேலும் மேலும் கூட்டியபோது வேகம் கூடிக்கொண்டே போனது, ஆனால் கிளர்வு ஆற்றல் அதற்கேற்ப இறங்கவில்லை, கூடியது முன்காரணிதான். கிளர்வு ஆற்றலை மட்டும் பார்த்திருந்தால் அந்த முன்னேற்றம் கண்ணிலேயே பட்டிருக்காது.

இப்போது பாய்லர்மேனின் நீராவிக்கு வருவோம். மக்னீசிய ஹைட்ரைடின் 75 கிலோஜூலையும், ஹைட்ரஜன் வாயுவாகும்போது கூடும் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு), மோலுக்குக் கெல்வினுக்குச் சுமார் 135 ஜூல், இதையும் எடுத்துக்கொண்டால், ஒரு பார் அழுத்தத்தில் ஹைட்ரஜன் வெளிவர ஏறக்குறைய 280 டிகிரி வேண்டும். 140 டிகிரியில் கிடைக்கும் சமநிலை அழுத்தம் ஒரு பாரில் ஆயிரத்தில் நாலு பங்குகூட முழுதாகத் தேறாது. உலகத்திலேயே சிறந்த வினையூக்கியைப் போட்டாலும் அந்த நாலு பங்கு சீக்கிரம் வரும், ஐந்தாகாது. வெற்றிடப் பம்பு வைத்து உறிஞ்சலாம்தான், அது ஆலைக்கு ஆகிற வேலையா?

அதே நீராவி லாந்தனம்-நிக்கலுக்குத் தேவைக்கு மிஞ்சியது, வெந்நீரே போதும். டைட்டானியம் சேர்த்த சோடியம் அலனேட்டுக்கும் பொருந்தும், அதன் இரண்டாம் படிக்கு 100 டிகிரிக்குச் சற்று மேலே போனால் போதும், இரண்டு படியும் சேர்ந்து எடையில் 5.6 விழுக்காடு ஹைட்ரஜன் கிடைக்கும். என்ன, அலனேட்டில் ஈரம் பட்டால் தீப்பிடிக்கும். நீராவிக் குழாயை அதன் பக்கத்தில் கொண்டுபோவதற்கு யார் கையெழுத்துப் போடுவார்கள் என்பது வேறு கதை. இதைச் சொன்னபோது பாய்லர்மேன், "அப்போ வேணாம் சார், ஒருநாள் குழாய் ஒழுகாம நான் பார்த்ததே இல்ல" என்றார்.

சூடு மட்டும் இருந்தால் போதாது, அளவும் வேண்டும். மக்னீசியத்திலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜனை எடுக்கச் சுமார் 37 மெகாஜூல் வெப்பம் உள்ளே போக வேண்டும். அந்த ஒரு கிலோவை எரித்தால் கிடைப்பது 120 மெகாஜூல். முப்பது விழுக்காடு அதை வெளியே கொண்டுவருவதற்கே போய்விடுகிறது, வேறெங்கோ வீணாகும் வெப்பத்தைப் பிடித்தால் ஒழிய. கிளர்வு ஆற்றலைக் குறைத்தாலும் இந்த 37 குறையாது. அதைக் குறைக்க வேண்டுமானால் வேறு தனிமத்தைக் கலந்து பொருளையே மாற்ற வேண்டும். மக்னீசியத்தோடு நிக்கல் சேர்ந்த ஹைட்ரைடில் பிணைப்பு சற்றுத் தளர்கிறது. ஆனால் ஹைட்ரஜன் அளவும் 3.6 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது.

இப்படியெல்லாம் சொல்வதால் கிளர்வு ஆற்றலை அளப்பது வீண் என்று ஆகாது. வண்டியில் எரிபொருள் நிரப்பும் இடத்தில் வேகம்தான் எல்லாம். 300 டிகிரியில் ஐந்து நிமிடத்தில் வருவதும் ஐந்து மணி நேரத்தில் வருவதும் ஒன்றாகாது, அந்த வித்தியாசத்தைச் சொல்வது இந்த எண்ணும் முன்காரணியும் சேர்ந்துதான். எந்தப் படி மெதுவாக்குகிறது என்று துப்புக் கொடுப்பதும் கிளர்வு ஆற்றல்தான். அரைத்த தூளில் எண் இறங்கி, ஆக்சைடு சேர்த்ததும் அப்படியே நின்றால், மேற்பரப்பில் அணுக்கள் ஜோடி சேர்வது தடையாக இல்லை, வேறெங்கோ சிக்குகிறது என்று ஊகிக்கலாம்.

முதுகலை மாணவனுக்கு நான் சொல்லியிருப்பது சின்னப் பட்டியல்தான். மூன்று வேகத்துக்குப் பதில் ஐந்து வேகம் ஓட்டு. 2-லிருந்து தொடங்கு, 20-க்கு மேலே போகாதே. தூளின் எடையைப் பாதியாக்கி ஓர் ஓட்டம் திரும்பச் செய், உச்சம் நகர்ந்தால் வெப்பம் உள்ளே சரியாகப் போகவில்லை. வினையூக்கி சேர்க்காத தூளையும் அதே அரவையில், அதே வாரத்தில், அதே கருவியில் அளந்துவிடு. எண்ணுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் எவ்வளவு என்று போடு. மற்றதெல்லாம் சரி என்றான். எடையைப் பாதியாக்குவதற்கு மட்டும் மேற்பார்வையாளர் ஒத்துக்கொள்ள வேண்டுமாம், கருவிக்கு முன்பதிவு வரிசை நீளமாக இருக்கிறதாம்.